சாவிக்கொத்தைத் தேடிய கதை

முந்தின நாள் இரவு கதவைத் திறந்து உள்ளே வந்தது நான்தான். காலையில் கிளம்பும்போது ஆணியில் சாவிக்கொத்து இல்லை. வெளியே பூட்டிலேயே தொங்குகிறதா என்று பார்த்தேன், அங்கும் இல்லை. அப்படியானால் வீட்டுக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது.

"கடைசியா எங்க வச்சே?" என்று அம்மா கேட்டார். எதையாவது தேடுகிறவரைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி. அது தெரிந்திருந்தால் நான் ஏன் கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன்?

சோபா மெத்தையைத் தூக்கினேன், துவைக்கப் போட்ட துணிகளின் பைகளைத் துழாவினேன், சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். பிறகு மறுபடியும் அதே சோபா, அதே மேசை. ஒன்றுமே இல்லாமல் துடைத்துவைத்தது போலிருக்கும் மேசையை எத்தனை முறை பார்த்தால் என்ன? காகிதமும் வயரும் குவிந்துகிடந்த எழுதும் மேசையை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தேன். இது மனித சுபாவம் போலிருக்கிறது. அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், திரையின் ஒரு பாதியில் ஒழுங்கான கோடுகளையும் மறுபாதியில் தாறுமாறான கோடுகளையும் காட்டி, குறிப்பிட்ட ஒரு கோட்டைத் தேடச் சொன்னார்கள். ஒழுங்கான பக்கத்தில் அது இருந்தால் ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும். அப்படியும் பலர் அந்தப் பக்கத்தையே பார்த்து நேரத்தை வீணடித்தார்கள்.

வழி காட்டியது அக்கா. தாமதமாகும் என்று சொல்ல போன் செய்தபோது, "எங்க வச்சேங்கறத விடு. உள்ள வந்ததும் முதல்ல என்ன பண்ணே?" என்றாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. யாருடனோ போனில் பேசிக்கொண்டே வந்தேன், கையில் ஒரு பார்சல் இருந்தது. பேச்சில் கவனம் இருக்கும்போது கை தன்பாட்டுக்கு ஒன்றை வைத்துவிடும். அந்தக் காட்சி மனதில் சரியாகப் பதிவதே இல்லை. பதியாததை எவ்வளவு யோசித்தாலும் வராது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்தவை பதிந்திருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அதனால் வாசலுக்குப் போய், அதே பையைத் தோளில் மாட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். அம்மா ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். இதற்கும் அடிப்படை உண்டு. காடன், பாட்லி என்ற உளவியலாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வில், முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியில் படித்த சொற்களைக் கரையில் இருக்கும்போதைவிடத் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுகூர்ந்தார்கள். எனக்கும் நடு ஹாலுக்கு வந்ததும் பொறி தட்டியது: பார்சலைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுத்தேனே!

கத்தரிக்கோல் இருப்பது எழுதும் மேசை மேலுள்ள பேனா டப்பாவில். அந்த டப்பாவை ஏற்கெனவே பார்த்திருந்தேன். இந்த முறை எல்லாவற்றையும் வெளியே கொட்டினேன். பேனாக்களோடு சாவிக்கொத்தும் விழுந்தது. அதன் அடையாளமே சிவப்புத் தோல் பட்டைதான். பட்டை அடியில் மடங்கிக்கிடக்க, கத்தரிக்கோல் பிடிக்கருகே ஒரு சாவியின் முனை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் தேடியது சிவப்பை, கண்ணில் பட்டது வெறும் இரும்பு.

தேடும் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று லூப்பியன், ஸ்விங்லி என்ற உளவியலாளர்கள் 2012இல் எழுதினார்கள். பொருள் வழக்கமான தோற்றத்தில் இருந்தால்தான் அது பலிக்கும், இல்லாவிட்டால் இடைஞ்சல்கூட ஆகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் தேடும்போது, அது கவிழ்ந்து கிடந்தால் எப்படித் தெரியும், பாதி மறைந்திருந்தால் எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொள்கிறேன்.

சின்னப் பொருள்களுக்கு வேறு வித்தை. கம்மல் திருகாணி விழுந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து அடிக்க வேண்டும். கடுகளவு பொருளுக்கும் நீளமாக நிழல் விழும். சைலண்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனை இன்னொரு போனிலிருந்தோ கணினியிலிருந்தோ கூகுளின் சாதனம் தேடும் வசதி மூலம் ஒலிக்க வைக்கலாம், ஆனால் அது ஆன் ஆகி இணையத்தில் இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் இப்போது ஒரு புளூடூத் டேக் தொங்குகிறது. கூப்பிட்டால் கீச்சிடும், பேட்டரி தீராதவரை.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் அதையெல்லாம் மாட்ட முடியாது. கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடுவது தனிக் கொடுமை. போன் கேமராவைத் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தேடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதை ஆர்வமாகச் செய்கிறார். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது.