செக்ரோலில் பெயர் இருக்கிறதா? – மூணாறு நாட்குறிப்பு

அக்டோபர் 11, 2025

காலையிலிருந்து நசநசவென்று மழை. ஆச்சி வீட்டுக்குப் போகும்போது மகள் இன்னும் கொழுந்து நிறுத்துவிட்டு வரவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் கடைசி வீடு. முன்னறையில் கட்டிலுக்குக் கீழிருந்து தகரப் பெட்டியை இழுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் பாயில் பரப்பினார் ஆச்சி. ரேஷன் கார்டு, பிஎஃப் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்ட சம்பளச் சீட்டுக் கட்டு, மருமகனின் இறப்புச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில் ஒரு கல்யாணப் போட்டோ.

பேத்தி நர்சிங் சேர வேண்டும். அதற்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பட்டியல் சாதிகளை அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடும்பம் இன்றைய கேரள மண்ணில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வந்தவர்கள் என்றால் சலுகை பூர்வீக மாநிலமான தமிழ்நாட்டில்தான். பூர்வீக ஊரான கயத்தாறுப் பக்கம் போய்க் கேட்டால், “நீங்க கேரளாக்காரங்க, அங்கயே வாங்கிக்கிடுங்க” என்று திருப்பி அனுப்புகிறார்களாம்.

“எங்க அய்யா வெள்ளக்காரன் இருக்கையிலேயே வந்தவரு தாயி. போடியிலருந்து குரங்கணி வழியா டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறுனாரு. ஆள் சேத்துக் கூட்டியாந்த கங்காணி குடுத்த முன்பணம் அடையுறதுக்குள்ள ஊர்ல அவுக அம்மா செத்துப் போச்சு. போகவிடல. இதை நான் சொன்னா எழுதிக்கிட மாட்டாங்களா?”

பாயில் கிடந்த காகிதம் எதுவும் 1950-ஐத் தொடவில்லை.

அக்டோபர் 14

தோட்டத்தில் ஆள் வந்து சேர்ந்ததற்கு எழுத்தில் இருந்த சான்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேடுதான். பெயர், நம்பர், எந்தக் கங்காணியின் ஆள், எத்தனை நாள் வேலை, கடனில் எவ்வளவு கழிந்தது. கூலி கணக்குக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. இன்று ஒரு குடும்பத்தின் உரிமையே அதில் ஒரு வரி இருக்கிறதா என்பதில் தொங்குகிறது. டிவிஷன் எனப்படும் தோட்டப் பிரிவுகள் பலவற்றில் பழைய செக்ரோல் இல்லை. கரையான், மழை, எரித்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு பதில்.

காலனியம் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது எழுதிவைத்துவிட்டுப் போன கணக்கை இன்றைய குடியரசு தன் குடிமக்களிடமே சான்றாகக் கேட்கிறது என்பதை இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கணக்கு எழுதியது தோட்டக் கம்பெனி. அதைத் தொலைத்ததும் கம்பெனி. அலைகிறவள் பதினேழு வயதுப் பெண்.

அக்டோபர் 18

நில வரலாற்றை ஒழுங்காக எழுதிப் பார்த்தேன். 1877-இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலையை எழுதிக் கொடுக்கிறார். அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த முதுவர் பழங்குடிகளை யார் கேட்டார்கள்? 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாகிறது. ஏறத்தாழ 1,37,000 ஏக்கர்.

சுதந்திரம் வந்தும் இந்தக் கட்டுமானம் அசையவில்லை. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் ஜென்மி முறை, அதாவது நிலவுடைமையாளர் முறை, ஒழிந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் வரை சொந்தமானது. இந்தியாவே பாராட்டிய சீர்திருத்தம், பாராட்டத் தகுந்ததும்கூட. ஆனால் அதே சட்டம் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் கிடந்தவர்களுக்கு அந்தப் பத்து சென்ட் கிடைக்கவில்லை. சமவெளியில் விவசாயக் கூலி வீட்டுக்காரரானார். மலையில் வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்குப் பேர் போட வேண்டும். ஆச்சியின் மகள் பள்ளியை விட்டுக் கூடையை எடுத்தது அப்படித்தான்.

1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. விவசாய மக்களுக்கு நிலம் கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. 1974-இல் 57,000 ஏக்கருக்கு மேல் கம்பெனியிடமே விடப்பட்டது. தொழிலாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. மண்ணை ஆண்டு அனுபவித்தவர் யார் என்ற கேள்வியை அரசு கேட்டது, அந்த மண்ணில் வேலை செய்தவர் யார் என்று கேட்கவே இல்லை. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அக்டோபர் 20

தீபாவளி. லயம் முழுக்கப் பலகார வாசனை. 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்தபோது சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஆச்சியின் மகளும் ஒருத்தி. பொம்பிளை ஒருமை என்பது அந்தப் பெண்களின் கூட்டுப் பெயர். தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு 20 சதவீதம் வாங்கினார்கள். அதிரசம் சுட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னாள். எழுத எதுவும் எடுக்கவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24

சிஎஸ்ஐ கிறிஸ்தவக் கோயில் மேட்டில் எலனர் நைட்டின் கல்லறை. 1894 டிசம்பரில் காலராவில் இறந்த வெள்ளைக்கார இளம் பெண். கோயில் எழும்புவதற்கு முன்பே இறந்தவர், அவர் பெயர் இன்றும் ஊருக்கே தெரியும். அவருடைய சாவு துயரமானதுதான். அதே மலையில் காய்ச்சலிலும் குளிரிலும் செத்த கூலிகளைப் புதைத்த இடம் எது என்று சுற்றியிருந்த யாருக்கும் காட்டத் தெரியவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். கயத்தாறிலிருந்து சொந்தக்காரர்கள் பதறிக்கொண்டு வந்ததை இங்கே எல்லோரும் சொல்வார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் துக்கத்துக்கு ஆள் வருவது அந்த ஊரிலிருந்துதான்.

நவம்பர் 1

டவுனில் கேரளப் பிறவி விழா, மாநிலம் உருவான நாள். பள்ளிப் பிள்ளைகள் கசவு உடுத்தி வரிசையில் போனார்கள், பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள். எல்லைக்கு அந்தப்பக்கம் இதே நாளில் எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மீது நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டின் நினைவு குமரியில் இன்றும் ஆறவில்லை. 1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி சென்னை மாநிலத்துக்குப் போயின. மூணாறு அடங்கிய தேவிகுளமும் பீர்மேடும் போகவில்லை.

மாநிலங்களைப் பிரிக்கப் பரிந்துரை செய்த பசல் அலி ஆணையத்துக்கு இங்கே தமிழர் தொகை அதிகம் என்பது தெரியும். அவர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்காக வந்தவர்கள் என்றும், பொருளாதாரக் காரணங்களைச் சொல்லியும் இந்தப் பகுதியைக் கேரளத்தோடு வைத்தது. எந்த மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது சண்டை போட நான் எழுதவில்லை. 1955-இல் அந்த ஆணையம் எல்லையைப் பரிந்துரைத்தபோது, வந்த கூலிகள் என்பதால் இவர்கள் கணக்கில் ஏறவில்லை. இன்று சான்றிதழ் கேட்கும்போது, 1950-லேயே இங்கே இருந்தாயா, காட்டு என்கிறார்கள். தேவிகுளம் தனித் தொகுதியின் தேர்தல் வழக்கில்கூட எம்எல்ஏவின் முன்னோர் மலையேறிய காலம் விவாதமானது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லும் என்றது. எம்எல்ஏவுக்கே இந்த அலைச்சல் என்றால் நர்சிங் படிக்கப் போகும் பிள்ளைக்கு?

ஓட்டுக்கு மட்டும் இவர்கள் எப்போதும் உள்ளூர்க்காரர்கள்தான். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் லயம் லயமாகத் தமிழில்தான் பாடினார்.

நவம்பர் 6

பழைய எஸ்டேட் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஆச்சியின் அண்ணன் பெயர் கிடைத்தது. 1948. தகப்பன் பெயர் இருக்கிறது, தொழில் ‘கூலி’ என்று இருக்கிறது. சாதிக் கட்டத்தில் மை ஊறிக் கலைந்துபோயிருக்கிறது. தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டு நகல் கொடுத்தார். தாசில்தார் அலுவலகத்தில் ஏற்பார்களா என்பது அடுத்த வாரம் தெரியும்.

மலைநாட்டில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டு, ஞானஸ்நானச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை என்று எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். வயதானவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள், எந்தக் கங்காணி, எந்த டிவிஷன் என்று கட்டாயம் கேளுங்கள். அடுத்த டிவிஷன் பதிவேட்டைத் திங்கட்கிழமை பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது.