கவிழ்த்த பானையில் கரையான்: சிக்கல் வாயில்தான்

ஆடி மழை இரண்டு விழுந்ததும், கோழிக்குஞ்சுக்குத் தீனியாகக் கரையான் பிடிக்கிற பானை ஒருவழியாக வேலை செய்கிறது. காட்பாடிப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு பானையைத் தட்டினால் முறத்தின் அடி தெரிவதில்லை. பழைய பானை, கிழிந்த கோணி, வறட்டி, மாலையில் கவிழ்த்து விடியலில் எடுப்பது, இதெல்லாம் குஞ்சு வளர்க்கிற எல்லாருக்கும் மனப்பாடம். திணித்த சரக்கு தரையைத் தொட வேண்டும் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இறுக்கித் திணித்தால் கவிழ்த்த பிறகும் சரக்கு மேலேயே ஒட்டி நிற்கும். அதற்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் காலியிடம் இருந்தாலே கெட்டது. கரையான் திறந்த இடத்தில் நடக்காது, மண்ணைக் குழைத்துப் பாதை கட்டிக்கொண்டுதான் ஏறும். பாதை கட்டுவதற்குள் விடிந்துவிடும். தளர்வாகத் திணித்தால் வேறு தொல்லை: காலையில் தூக்கும்போது மொத்தமும் தரையில் கொட்டும், கரையான் கண்ணெதிரே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அதனால் பானையின் அடியில் மல்லாட்டை (வேர்க்கடலை) தோலும் காய்ந்த பனையோலையும், அதற்கு மேல் உடைத்த வறட்டி, வாய்ப்பக்கம் கோணி. நாலைந்து தென்னை ஈர்க்கை வாயின் உட்புறம் குறுக்கும் நெடுக்குமாக வளைத்துச் செருகிவிட்டால் சரக்கு விழாது. ஈர்க்குச் சந்தில் கோணி ஓர் அங்குலம் வெளியே பிதுங்க வேண்டும். தரையை விரற்கடை ஆழம் கொத்தி, பிதுங்கின கோணி அதில் பதிய உட்காரவைத்து, விளிம்பைச் சேற்றால் அணைக்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் உள்ளே போனால் கரையான் வராது.

ஈரத்துக்குக் கைதான் அளவு. கோணியைப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக் கூடாது. சொட்டினால் சரக்கு புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பச்சைச் சாணம் கூடவே கூடாது. சூடேறும், புழு வைக்கும். கத்திரி வெயிலில் பானைக்குள் ஈரம் இருந்தாலும் மேல்மண் காய்ந்து கிடப்பதால் கரையான் கீழேயே இருந்துவிடும். முந்தின நாளே அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும்.

கோணி கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. எங்கே கேட்டாலும் பிளாஸ்டிக் சாக்கு. அது கரையானுக்கு எதற்கு? கிடைக்கிற சணல் சாக்கும் பூச்சிமருந்து அடித்த கிடங்கிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து ஊற்றின இடத்துப் பக்கமே பானையைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு ஊற்றுகிற குளோர்பைரிபாஸ் என்கிற பூச்சிமருந்து மண்ணில் நெடுநாள் தங்கும்.

எறும்பு ஏறின பானையை அப்படியே தூர எறிய வேண்டியதுதான். கரையானை அது தின்றுவிடுகிறது என்பது சின்ன நஷ்டம். கோழியின் நாடாப்புழுவில் சில வகை எறும்பின் வழியாகத்தான் கோழிக்குள் போகின்றன.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், கம்பும் நொய்யும் ஏழு பங்கு, மல்லாட்டைப் புண்ணாக்கு மூன்று பங்கு என்று கலந்தால் புரதம் கணக்குக்கு 19 சதவீதம் வந்துவிடும். ஆனால் மல்லாட்டைப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்கிற அமினோ அமிலங்கள் குறைவு, குஞ்சுக்கு இறகு முளைக்கிற வயதில் வேண்டியதே அவைதான். பூச்சி அந்தக் குறையை ஈடுகட்டும். முதல் வாரம் குஞ்சுத் தீவனம் மட்டும் போதும், இரண்டாவது வாரத்திலிருந்து கரையான். வெயில் ஏறுமுன் போட்டு, இரைப்பை புடைத்ததும் முறத்தை எடுத்துவிடலாம். புண்ணாக்கு வாங்கும்போது உடைத்து மோந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் வேண்டாம். வெயிலில் காயவைத்தாலும் அப்லாடாக்சின் என்கிற பூசண நஞ்சு போகாது, குஞ்சின் ஈரல்தான் போகும்.

முட்டைப் பெட்டைக்குக் கரையானை நம்பி ஓடு தடிக்காது, அதில் சுண்ணாம்புச் சத்து சொற்பம். உடைத்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்துவிட்டால் தேவையானதை அதுவே பொறுக்கிக்கொள்ளும். தீவனத்தில் கலந்து சேவலுக்கும் குஞ்சுக்கும் திணிக்க வேண்டாம்.

தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தீவனத்துக்கு வளர்க்கிற அசோலாவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 25 சதவீதம் புரதம் என்பது காய்ந்த எடையில். பச்சையாக அள்ளினால் நூறு கிராமில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். வேலூர் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 35 டிகிரி தாண்டினாலே சிவந்து கருகிவிடும், தென்னை மர நிழல் மட்டும் போதாது. அதைவிட முருங்கைக் கீரையை உருவிப் போடுவது மேல்.

ஐப்பசியில் தண்ணீர் நின்றால் பானைக்கடியில் கரையான் எட்டிப் பார்க்காது. வேலியோரம் செம்மண்ணை முழ உயரத்துக்கு மேடு போட்டு, அதற்குள் மல்லாட்டைக் கொடியும் இற்றுப்போன பனைமட்டையும் இப்போதே புதைத்தாகிவிட்டது. பழைய பானைகள் விரிசல் விட்டுவிட்டன, புதிதாக இரண்டு வாங்க வேண்டும். வாய் அகலமாக, ஒரு சாண் இருந்தால் ஈர்க்கு செருக வசதி.