முத்தோரைச் சரிவில் ஒரு நாள்

சிக்னல் வராததற்கு அலுமினியத் தாளில் விழுந்த சுருக்கம்தான் காரணம் என்று மூன்று வாரமாக எங்களுக்குள் சண்டை. மூன்றாம் ஆண்டு இசிஇ மினி பிராஜெக்ட். அட்டைப்பெட்டியை வெட்டி, உள்ளே சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, வாய் அகன்ற புனல் போன்ற ஹார்ன் ஆண்டெனா செய்திருந்தோம். பால்வழியிலுள்ள ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் விடும் அலையைப் பிடிக்க வேண்டும். டிவி பார்க்க விற்கும் யுஎஸ்பி டாங்கிள்தான் ரிசீவர். விடுதி மொட்டைமாடியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

சரி, நிஜமான ரேடியோ தொலைநோக்கியையே பார்த்துவிடுவோம் என்று துறையில் கடிதம் வாங்கிக்கொண்டு, கோவையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஊட்டிக்குக் கிளம்பினோம். அங்கிருந்து முத்தோரை. வழியெல்லாம் கேரட் தோட்டம். உள்ளே நுழையும்போதே செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

வட்டமான டிஷ்ஷைத் தேடிய கண்ணுக்கு எதிரே, மலைச்சரிவில் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு நீளத் தொட்டில். 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கிட்டே போனால் கம்பிகளுக்கு நடுவே வானம் தெரிகிறது!

“இவ்வளவு ஓட்டை இருக்கே சார்?” என்றான் நண்பன்.

சுற்றிக்காட்டியவர் சிரித்தார். இது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர். சில சென்டிமீட்டர் இடைவெளி அந்த அலைக்கு ஓட்டையே இல்லையாம். அப்படியென்றால் 21 சென்டிமீட்டர் நீளமுள்ள எங்கள் ஹைட்ரஜன் அலைக்கு மில்லிமீட்டர் சுருக்கம் எந்த மூலைக்கு?

சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது; ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் கட்டி முடித்தது. மலையையே ஸ்டாண்டாக்கிய கில்லாடிகள்!

“ஆம்ப்ளிஃபையரை எங்கே வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

ஐந்து மீட்டர் கேபிளுக்கு இந்தப் பக்கம், லேப்டாப் அருகில் என்றோம். அவர் பதில் சொல்லாமல் மேலே கையைக் காட்டினார். அலைகள் வந்து குவியும் கோட்டில் 1,056 டைபோல்கள், அதாவது அலையைப் பிடிக்கும் சிறு ஆண்டெனாக்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஓர் எல்என்ஏ, அதாவது இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர். எங்கள் கேபிள், சிக்னலைப் பெருக்குவதற்கு முன்பே பாதியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இறங்கும்போது பஸ்ஸில் யாரும் அலுமினியத் தாளைப் பற்றிப் பேசவில்லை.

மறுவாரம் எல்என்ஏவை ஹார்னின் முதுகிலேயே கட்டினோம். தாள் அதே சுருக்கத்தோடு. பால்வழி உச்சிக்கு வந்த ஒரு விடியற்காலையில், பத்து நிமிடச் சராசரிக்குப் பிறகு, 1420.4க்குச் சற்றுத் தள்ளி வரைபடத்தில் ஒரு சின்ன மேடு எழுந்தது.