மால்சேஜ் மலைப்பாதையில் ஒரு பீம்தடித் தட்டு

தீபாவளிக்கு மறுவாரம் சிவகங்கையிலிருந்து அப்பா வந்திருந்தார். மும்பை முலுண்டு ஃபிளாட்டில் அவரை அடைத்து வைக்க மனசு வரவில்லை, சரி ஜுன்னர் வரை போய் வரலாம் என்று விடிகாலையிலேயே காரை எடுத்துவிட்டோம். கல்யாண், முர்பாட் தாண்டி மால்சேஜ் மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் எதிரே ஆடு, ரோட்டை அடைத்துக்கொண்டு கறுப்பும் பழுப்புமாக நூற்றுக்கணக்கில்.

"பாரு தாயி, கிடைக்காரங்க" என்றார் அப்பா. நம்மூர்க் கீதாரிகளைப் போலவே இவர்களும் ஆடு மேய்ப்பவர்கள், மகாராஷ்டிரத்துத் தன்கர்கள். மழை முடிந்ததும் தக்காணத்து மேட்டிலிருந்து கொங்கணக் கடலோரத்துக்கு இறங்கி, அறுத்த வயல்களில் கிடை போட்டு, தானியமோ காசோ வாங்கிக்கொண்டு, அடுத்த மழைக்கு முன்னால் ஏறிப் போய்விடுவார்கள். ஒரே வித்தியாசம், இவர்கள் வீடு குதிரை மேல் வருகிறது.

ஆடுகள் போனதும் பின்னால் பெண்களும் குழந்தைகளும் ஏழெட்டுக் குதிரைகளோடு வந்தார்கள். ஒன்றின் சுமை சரிந்துவிட்டதால் ஓரமாக நிறுத்தினார்கள், நாங்களும் இறங்கினோம். அதன் தோள் என் நெஞ்சு வரைதான். அலுமினியப் பானைகள், கூடாரக் கம்புகள், கொங்கடிக் கம்பளிகள், காலைக் கட்டிய இரண்டு கோழி, துணித் தொட்டிலில் நேற்றோ முந்தாநாளோ பிறந்த ஆட்டுக்குட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாய்க்குட்டி. கூட வந்த ஒரு அம்மா குதிரையின் வயிற்றில் ஒரு காலை ஊன்றிக் கயிற்றை முழுப் பலத்தோடு இழுக்க, குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பிவிட்டு அப்படியே நின்றது. பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தும் அசையவில்லை. குளம்பைப் பார்த்தேன், லாடம் இல்லை, கருங்கல் மாதிரி இருந்தது.

என்ன குதிரை என்று மராத்தியில் கேட்டேன். "பீம்தடி" என்றார் அந்த அம்மா. தடி என்றால் கரை, பீமா நதிக்கரைத் தட்டு. தட்டு என்றால் நம்ம மட்டக்குதிரை. 14.2 கை, அதாவது 147 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் போனி என்பது பொதுக் கணக்கு, இது அதற்கும் நன்றாகக் கீழே. மேற்குக் கரைத் துறைமுகங்களில் வந்திறங்கிய அரபுக் குதிரைகள் உள்ளூர் மட்டங்களோடு கலந்து உருவான வகை என்கிறார்கள்.

ஜுன்னர் போகும் வழியெல்லாம் அப்பாவிடம் இதைப் பற்றித்தான் பேசினேன். மராட்டியக் குதிரைப்படை ஓடியது இந்தத் தக்காணத் தட்டுகளை நம்பித்தான். உயரமான குதிரைக்கு நல்ல தீவனம் வேண்டும், சமதரை வேண்டும். இதற்குச் சோளத்தட்டை போதும், செங்குத்தான மலைப்பாதையிலும் கால் தவறாது. அதனால்தான் அந்தப் படை வண்டி, மூட்டை அதிகம் இல்லாமல் திடீரென்று வந்து அடித்துவிட்டு மறைய முடிந்தது. அரசு கொடுத்த குதிரையில் சண்டை போட்டவன் பார்கீர், சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்தவன் சிலேதார். 1677-ல் நம்ம செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி பிடித்ததும், 1758-ல் சிந்து நதிக்கரை அட்டக் வரை மராட்டியர் போனதும் இப்படிப்பட்ட குதிரைப்படையோடுதான். 1818-ல் மராட்டியரின் பேஷ்வா ஆட்சி போனது, அதோடு படைக்குக் குதிரை கேட்க ஆளில்லை. அப்புறமும் இதைக் கைவிடாமல் வளர்த்தவர்கள் இந்த ஆட்டுக்காரர்கள். ஹரியானா கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள மையம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்ததே அண்மையில்தான். சிவாஜி பிறந்த சிவ்னேரிக் கோட்டை ஜுன்னரில் தலைக்கு மேலே நிற்கிறது, அவ்வளவு பக்கத்து ஊர்க் குதிரைக்கு இவ்வளவு தாமதம் எனக்குப் பொறுக்கவில்லை.

கோட்டைக்குப் பாதி ஏறியதுமே அப்பாவுக்கு மூட்டு வலி, திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் மலை இறங்கியதும் ஒரு நெல் வயலில் அதே கூட்டம். கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, சுமை இறக்கிய குதிரைகளின் முன்காலைக் கட்டி மேயவிட்டிருந்தார்கள். முதுகில் கயிறு அழுந்திய இடத்தில் முடி ஈரமாகப் படிந்திருந்தது. அந்த அம்மா எங்களை அடையாளம் கண்டு சாயா கொடுத்தார். அடுத்த வருஷம் சாமானுக்கு டெம்போ பிடித்துவிடலாம் என்று மகன் சொல்கிறானாம்.

"அப்போ குதிரை?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய் அதன் கழுத்தடியைச் சொறிந்துவிட்டார். அது தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.