இறால் ஓடும் ஐஸ் பெட்டியும்

சென்னைக் காசிமேட்டு மீன் ஏலத்தில் அம்மா எடுத்துவரும் இறாலை உரித்தே வளர்ந்தவள் நான். விரல் நுனியெல்லாம் வெந்து சிவந்திருக்கும். உரித்த ஓடு குப்பைக்குப் போகும். இன்று உணவு அறிவியல் ஆய்வகத்தில் நான் வேலை செய்வது அந்த ஓட்டை வைத்துத்தான்: அதிலிருந்து மீனைச் சுற்றிவைக்கும் உறை செய்யப் பார்க்கிறேன்.

ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். காரக்கரைசலில் புரதம் போய்விடும். மிஞ்சுவது கைட்டின் என்ற நார்ப்பொருள். அதை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அது வெறும் தண்ணீரில் கரையாது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையும். தட்டில் ஊற்றி உலர்த்தினால் இளமஞ்சள் நிறத்தில் மெல்லிய தாளாக உரிந்து வரும். அமிலச் சூழலில் அதற்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்ள, பாக்டீரியாவின் சவ்வு சிதைந்து உள்ளிருப்பது கசிந்துவிடும்.

முதல் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து காட்டியபோது அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இதைச் சுற்றினால் ஐஸ் செலவு குறையுமா?"

குறையாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கைட்டோசான் தாளைவிட்டு வெளியே பரவாது. தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். ஆய்வகத் தட்டில் தாளின் அடியில் மட்டும் கிருமி வளராமல் தெளிவாக இருக்கும், ஓரத்தைத் தாண்டினால் வழக்கம்போல் வளர்ந்திருக்கும். சங்கரா மீன் துண்டின்மேல் போர்த்திப் பார்த்தேன். மேல்பக்கம் நன்றாக இருந்தது, தாள் படாத அடிப்பக்கம் நாறியது. மீனின் புரதமும் கொழுப்பும் வேறு இத்தகைய பொருள்களின் வீரியத்தைக் குறைத்துவிடும். தட்டில் வென்றதெல்லாம் மீனில் வெல்வதில்லை.

காணாங்கெளுத்தியில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலை வலிக்கும். குழம்பை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பிறகு எந்தத் தாளைச் சுற்றினாலும் உருவானது உருவானதுதான். அதனால்தான் படகிலேயே ஐஸ் வேண்டும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் தாள் எதற்கு? ஐஸில் ஒழுங்காக வந்த மீனைத் துண்டு போட்டுக் குளிர்பெட்டியில் விற்கும்போது, அது கூடுதலாகச் சில நாள் தாங்க உதவும். அந்தச் சில நாள் எனக்குப் பெரிது. பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக, மண்ணில் மட்கும் உறை நம் கடற்கரைக் குப்பையிலிருந்தே வரும் என்றால், அதற்காக எத்தனை வருடமும் உழைப்பேன். இப்போது தாளில் கிராம்பு எண்ணெய் சேர்த்துப் பார்க்கிறேன். அதிலுள்ள யூஜினால் என்ற பொருளும் கிருமியைத் தடுக்கும். அளவு கொஞ்சம் கூடினாலும் மீன் கிராம்பாக மணக்கிறது. சரியான அளவு இன்னும் கைக்கு வரவில்லை.

சென்ற வாரம் ஓட்டை வெறும் வாளியில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் வீச்சமடித்துவிட்டது, மொத்தத்தையும் கொட்டினேன். நேற்று நான் கிளம்பும்போது, அம்மா தன் மீன் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளி ஓட்டின்மேல் போட்டு மூடிக் கொடுத்தார்.