காவி நிறக் கடல்

இன்று கொழும்புக் காலிமுகத்திடலில் கடல் காவி நிறம். தென்மேல் காற்று தொடங்கிவிட்டது. இனிச் சுழியோடிகளுக்கு நீட்டிய கையே தெரியாது.

மூழ்கிய மரக்கப்பலைத் தேடுவதென்றால் முதலில் அதன் இரும்பைத்தான் தேட வேண்டும். பீரங்கி, நங்கூரம்.

படகு உழவுச்சால் போல நேர்கோட்டில் போய்வரும். இரும்பை உணரும் காந்தமானியை நீளக் கயிற்றில் வெகு பின்னால் இழுக்க வேண்டும். கிட்ட வந்தால் படகின் எஞ்சினையே காட்டும். சால் அகன்றால் நங்கூரம் இடையில் தப்பிவிடும். துறைமுகத்தருகே பழைய சங்கிலிகளும் பொய்க்குறி தரும்.

1659இல் தென்னிலங்கையின் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பல் அவொண்ட்ஸ்டர். அதன் மரத்தைக் காத்தது சேறு. எவ்வளவு பெரிய கொடை அது!

சேறு விலகினால் கப்பற்புழு அரித்துவிடும். மேலே எடுத்த பலகையைக் காயவே விடக்கூடாது, சுருங்கி வெடிக்கும். நன்னீர்த் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு உப்பை இறக்க வேண்டும்.