கலப்பைக் கிழங்கும் அவுரியும்: ஒரு சோதனை நாட்குறிப்பு

2024 அக்டோபர் 19, சனி

எங்கள் தெருவிலிருக்கும் பெரியம்மா ஒருவர், வேலியோரம் தோண்டிய கண்வலிக் கிழங்கை, அதாவது செங்காந்தள் கொடியின் நஞ்சுள்ள கலப்பைக் கிழங்கை, சென்ற வாரம் வள்ளிக் கிழங்கென்று எண்ணி வேகவைத்து உண்டுவிட்டார். கசப்பு மிகுந்ததால் ஒரு துண்டுக்கு மேல் உண்ணவில்லை. வாந்தியும் பேதியும் தொடங்கியபின் நஞ்சை முறிக்குமென்று நம்பப்படும் அவுரிச் செடியின் வேர்க் கஷாயத்தை முதலில் வீட்டிலேயே கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது பாதி நாள் கழிந்திருந்தது. இன்று அவர் வீடு திரும்பினார். அவரைக் காப்பாற்றியது அவுரிதான் என்று தெருவே பேசுகிறது.

எங்கள் மூலனூர்ப் பக்கம் இந்தக் கொடியை விதைக்காகப் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். இத்தனை நெருங்கிப் பழகிய ஊரிலேயே இப்படி நேர்ந்ததுதான் என்னை உலுக்குகிறது. இதன் நஞ்சான கால்சிசின் வேகவைப்பதால் அழிவதில்லை. அவுரி அதை முறிக்கிறதா என்பதை என்னால் இயன்ற அளவில் சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

2024 அக்டோபர் 22, செவ்வாய்

விலங்குகளைத் தொடும் எண்ணமில்லை. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். என் கேள்வியின் முதற்படிக்கு வெங்காய வேரே போதும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்லும் கதிர்கோல் இழைகள், டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. கால்சிசின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் இழைகள் உருவாவதில்லை. பிரிவு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மனிதருக்குக் குடலும் எலும்பு மச்சையும் முடிவேரும் முதலில் அடிபடுவது, அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதால்தான். இதே விளைவை வெங்காய வேரில் ஆல்பர்ட் லெவான் என்னும் ஆய்வாளர் 1938-லேயே விவரித்திருக்கிறார். என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மைட்டாசிஸ் என்னும் செல் பிரிவைக் காட்டுவதும் இந்த வேர்நுனியில்தான்.

சின்ன வெங்காயங்களை ஐந்து வரிசையாகச் சோதனைக் குழாய்களின் மேல் வைத்தேன். முதல் வரிசைக்கு வெறும் நீர், இரண்டாவதற்குக் கிழங்குச் சாறு, மூன்றாவதற்கு அவுரிச் சாறு மட்டும், நான்காவதற்கு இரண்டின் கலவை. ஐந்தாவதற்குக் கிழங்குச் சாறு கொடுத்துச் சில மணி நேரம் கழித்து அவுரி. பெரியம்மாவுக்கு நடந்தது அதுதானே. வேர் விட்டதும் சாறுகளுக்கு மாற்றுவேன்.

2024 அக்டோபர் 26, சனி

கிழங்குச் சாற்றில் ஒரு நாள் நின்ற வேர்களின் நுனி குண்டூசித் தலைபோல் வீங்கியிருந்தது. வேர்நுனிகளை அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தேன். நீரில் வளர்ந்தவற்றில் 16 குரோமோசோம்கள் நடுவில் ஒழுங்காக அணிவகுத்தும் பிரிந்தும் நின்றன. கிழங்குச் சாற்றில் அவை முனையென்று ஒன்றில்லாமல் சிதறிக் கிடந்தன. சில செல்களில் எண்ணிக்கை இரட்டித்தும் இருந்தது.

நான்காம் வரிசையைப் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது. சிதறிய செல்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. அவுரி முறித்துவிட்டதென்று ஒரு மணி நேரம் முழுமையாக நம்பினேன். பிறகு மூன்றாம் வரிசையை எண்ணினேன். நஞ்சே சேராத, அவுரிச் சாறு மட்டும் உண்ட அந்த வேர்களில் பிரிவுக்குள் நுழைந்த செல்களே மிகச் சிலதான். பிரியத் தொடங்காத செல்லைக் கால்சிசின் நடுவழியில் நிறுத்த முடியாது. ஆகவே, நான்காம் வரிசையில் நான் கண்டது நஞ்சு முறிந்ததை அல்ல. நான் செறிவாகக் காய்ச்சிய அவுரிச் சாறு வேரின் வளர்ச்சியையே அடக்கியதைத்தான். ஐந்தாம் வரிசையோ, கிழங்குச் சாறு மட்டும் பெற்றதிலிருந்து எவ்விதத்திலும் வேறுபடவில்லை.

2024 அக்டோபர் 30, புதன்

தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்வதால், விஷம் திரும்பிவிட்டதென்று அழுதுகொண்டிருந்தார். கால்சிசின் நஞ்சில் இரண்டாம் வாரத்தையொட்டி முடி உதிர்வது வழக்கமென்றும் மீண்டும் முளைக்குமென்றும் சொன்னேன். "அவுரி குடிச்சும் உதிருதே கண்ணு" என்றார். என்னிடம் பதிலிருந்தும், அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உண்மையான முறிவு எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கால்சிசினை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தி ஓர் இளம்பெண்ணைப் பிழைக்க வைத்ததைப் பிரான்சின் மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். அது இன்றுவரை கடைக்கு வரும் மருந்தாகவில்லை. ஆகையால் கரித்தூளும் நரம்புவழி நீரும் இடைவிடாத கண்காணிப்பும்தான் நமக்கு வாய்த்தவை. அவற்றுக்கு நேரமே உயிர்.

2024 நவம்பர் 9, சனி

நாட்டு வைத்தியர் ஐயாவிடம் முடிவுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினேன். அவரோ கிழங்கின் நஞ்சை நீக்கிச் சுத்தி செய்யும் முறையையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் உலர்த்த வேண்டும். மோரை நாளும் மாற்றிச் சில நாள் இப்படியே செய்ய வேண்டும். இன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

சுத்தி செய்த வில்லைகளின் சாற்றில் வேர்கள் வீங்கவில்லை, சிதறிய செல்களும் மிகக் குறைவு. எடுத்து வைத்திருந்த முதல் நாள் மோரை நீரில் கலந்து வேறு வெங்காயங்களுக்குக் கொடுத்திருந்தேன். அவற்றின் நுனி வீங்கிவிட்டது. வெறும் உப்பு மோரில் நின்றவை வளர்ச்சி குன்றினவே தவிர வீங்கவில்லை. கால்சிசின் நீரில் கரையும் பொருள் என்பதால், மோர் அதை முறிக்கவில்லை, கிழங்கிலிருந்து வெளியே இழுத்திருக்கிறது என்றே கொள்கிறேன்.

ஐயாவிடம் சொன்னபோது, "அந்த மோரை ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் குழி தோண்டிக் கொட்டணும்னு எங்க ஆசான் சொல்லுவாரு; காரணம் இப்பத்தான் புரியுது" என்றார். கண்வலிக் கிழங்கு உண்டு வருபவருக்கு இனி அவுரி காய்ச்சி நேரத்தைக் கடத்தாமல், நேரே வண்டி பிடித்து அனுப்பிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார். சோதித்த வெங்காயங்களையும் மீந்த மோரையும் இன்று மாலை ஆழமாகப் புதைத்தேன். அவுரியை நீர்க்கக் கலந்து, வேர் வளர்ச்சி குன்றாத அளவில் நான்காம் வரிசையை மறுபடி செய்ய வேண்டும். புது வெங்காயங்கள் வேர்விடக் காத்திருக்கின்றன.